செட்டிநாட்டுக்கு முதல் பயணமா? உங்கள் பணம் ஊருக்குள் போய்ச் சேர இப்படித் திட்டமிடுங்கள்

மதுரையில் காலையில் கார் பிடித்து, ஆத்தங்குடியில் ஒரு பழைய செட்டியார் வீடு, கானாடுகாத்தானில் இரண்டு தெரு என்று சுற்றிவிட்டு இரவே திரும்பிவிடுகிறார்கள் பலர். வாடகையும் டீசல் காசும் மதுரையிலேயே தங்கிவிடும். ஊர்க்காரர்களுக்கு மிஞ்சுவது புழுதிதான். கொஞ்சம் மாற்றித் திட்டமிட்டால் இதே செலவு அவர்கள் கைக்குப் போகும்.

1. இரண்டு இரவாவது தங்குங்கள்

டிசம்பர், ஜனவரி நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, டைல்ஸ் பட்டறைகளில் வேலை நடக்கும் நாளாகப் பாருங்கள். அறை எடுக்கும் முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: சமைப்பவர்கள் உள்ளூர்க்காரர்களா? காய்கறி எங்கே வாங்குகிறீர்கள்? பதிலில் தடுமாற்றம் இருந்தால் வேறு இடம் தேடலாம்.

2. வண்டியை உள்ளூரில் பிடியுங்கள்

காரைக்குடி வரை ரயில். அப்புறம் டவுன் பஸ், அல்லது ஸ்டாண்டில் பேசி நாள் வாடகைக்கு ஒரு ஆட்டோ. எந்த வீடு இன்று திறந்திருக்கும் என்பது ஆட்டோக்கார அண்ணனுக்குத்தான் தெரியும். பல வீடுகள் பங்காளிகள் பலருக்குச் சொந்தம். காவலுக்கு ஒருவர் மட்டும் இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுங்கள்.

3. ஆத்தங்குடியில் அரை நாள் ஒதுக்குங்கள்

ஆத்தங்குடி டைல்ஸைக் கையாலேயே செய்யும் பட்டறைகள் இங்கேதான், அவசரமே வேண்டாம். அளவாக வெட்டிய கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். சூளை கிடையாது. சில நாள் தண்ணீரில் ஊறி, பிறகு உலர்ந்ததும் கண்ணாடி கழன்றுவிடும். அந்த வழவழப்பு பாலிஷ் போட்டு வந்ததில்லை, கண்ணாடி தந்தது.

இதே பூவை மெஷினில் அச்சடித்த டைல்ஸ் நகரக் கடைகளில் கிடைக்கிறது. கைவேலையைக் கண்டுபிடிப்பது சுலபம்: பின்பக்கம் சொரசொரப்பான சிமெண்டாக இருக்கும், பூவின் ஓரம் கல்லுக்குக் கல் லேசாக மாறும். வீடு கட்டுபவர்கள் பட்டறையிலேயே நேரடியாக ஆர்டர் கொடுங்கள், ஊறவைக்க வேண்டிய நாட்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள். வேலை செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

4. வாங்குவது

பனை ஓலையில் பின்னிய கொட்டான், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, வீடுகளில் கிலோ கணக்கில் போட்டுத் தரும் முறுக்கும் சீப்புச்சீடையும். கொட்டானில் பேரம் பேசாதீர்கள்; அதில் போகும் நேரத்தைப் பார்த்தால் விலையே குறைவு. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விற்கும் தூண், கதவுகளை நான் வாங்க மாட்டேன். அவை இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வருபவை. கேட்கும் ஆள் கூடக்கூட இடிப்பதும் லாபமாகிவிடும்.

5. திரும்பும் வழியில் வேட்டங்குடி

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே 1977-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காகப் பல தலைமுறையாகத் தீபாவளிக்குக்கூட வெடி வைப்பதில்லை. அதனால் கரையில் பாட்டுச் சத்தம், டிரோன் இரண்டும் வேண்டாம். விடியற்காலையில் போய்விடுங்கள், டீயும் இட்லியும் பக்கத்து ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை கையில் இருக்கட்டும்.