ஆர் மொழியில் குவிந்த தரவுகளைப் பெயர் பார்த்துக் களைந்த கதை

நீண்ட பகுப்பாய்வு ஒன்றின் நடுவில், ஆர் (R) என்ற நிரலாக்க மொழியின் பணிவெளி முழுக்க இடைக்கால டேட்டா ஃபிரேம்கள் (அட்டவணை வடிவத் தரவுகள்) குவிந்து, நினைவகம் திணறியது. ஒவ்வொன்றாகப் பெயர் தட்டி நீக்குவது நடக்கிற காரியமா?

நல்லவேளை, தற்காலிகமானவை எல்லாம் 'டெம்ப்_' என்றே தொடங்கின. பணிவெளியில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்' (ls) ஃபங்ஷனின் 'பேட்டர்ன்' இடத்தில் ^டெம்ப்_ என்று கொடுத்தால் அப்படித் தொடங்கும் பெயர்கள் மட்டும் வரும். அதை, நீக்கும் ஃபங்ஷனான 'ஆர்எம்'-இன் (rm) 'லிஸ்ட்' இடத்தில் கொடுத்ததும் எல்லாம் போயின.

ஆனால் இந்த பேட்டர்ன் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகள் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் குறியீட்டு முறை. கோப்பு தேடப் போடும் நட்சத்திரக் குறி அல்ல. இங்கே * போட்டால், அதற்கு முந்தைய எழுத்து எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம். ^ இல்லாவிட்டால் பெயரின் நடுவில் பொருந்துவதும் சிக்கும். புள்ளியோ எந்த எழுத்துக்கும் பொருந்தும். நட்சத்திரப் பழக்கம் விடாதவர்களுக்கு, அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக மாற்றித் தரும் 'குளோப்2ஆர்எக்ஸ்' (glob2rx) இருக்கிறது. எப்படியும் முதலில் எல்எஸ்-ஐ மட்டும் ஓட்டிப் பார்த்துவிடுவேன்; ஆர்எம் நீக்கியதைத் திரும்பப் பெற கட்டளை ஏதும் இல்லை.

அப்புறம் மாதவாரி அட்டவணைகள். அவற்றையும் இப்படியே பிடித்து, பெயர்களுக்குரிய அட்டவணைகளை எடுத்துத் தரும் 'எம்கெட்' (mget) மூலம் ஒரே லிஸ்ட்டாக்கி, 'டூ.கால்' (do.call) வழியே 'ஆர்பைண்ட்' (rbind) செய்தேன், அதாவது ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினேன். எல்எஸ் பெயர்களை எழுத்து வரிசையில் தருவதால் மாதம்_10, மாதம்_2-க்கு முன்னால் வந்து நின்றது! 'ஸ்பிரிண்ட்எஃப்' வைத்துப் பெயர்களில் 02 என இரண்டு இலக்கமாக்கியதும் வரிசை சரியானது. (இவற்றை முதலிலிருந்தே ஒரு லிஸ்ட்டுக்குள் வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.)

புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மட்டும் எல்எஸ் கண்ணில் படாது; அவை வேண்டுமென்றால் 'ஆல்.நேம்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்க வேண்டும்.