மொரீஷியஸில் ஒருநாள் கட்டமரான் பயணம்: பாதை தேர்வு முதல் கரை திரும்பும் வரை

மொரீஷியஸில் எந்த ஓட்டலில் தங்கினாலும் கட்டமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) பயணத்துக்கான துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: வெள்ளைப் படகு, பச்சை நீலத் தண்ணீர், கையில் கோப்பையோடு நாலு பேர். காற்று மட்டும் அந்தப் படத்தில் தெரியாது. உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதில் பாதியைக் காற்றுதான் தீர்மானிக்கும். விலையைக் கேட்கும் முன் பாதையைக் கேளுங்கள்.

எந்தப் பக்கம், எந்த மாதம்

இங்கே ஆண்டின் பெரும்பகுதி வீசுவது தென்கிழக்குக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊருக்குக் குளிர்காலம். காற்று கடுமையாக இருப்பதும் அப்போதுதான். கடல்நீர் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் 27, 28 டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை புயலுக்கும் வாய்ப்பு அதிகம். வெயிலும் நீரின் தெளிவும் மிதமான காற்றும் ஒன்றுகூடுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

பாதைகள் மூன்று. மேற்கே ரிவியேர் நுவார் பக்கமிருந்து கிளம்பி, தமரின் விரிகுடாவில் டால்பின் பார்த்துவிட்டு, கிறிஸ்டல் ராக் வழியாக பெனித்தியே தீவுக்குப் போவது ஒன்று. லெ மோர்ன் மலை கண்ணெதிரே நிற்கும். மலைகள் காற்றை மறைப்பதால் குளிர்காலத்திலும் இந்தப் பக்கம் ஓரளவு அமைதி. வயதானவர்கள், குழந்தைகள், நீச்சல் தெரியாதவர்கள் உள்ள குடும்பத்துக்கு இதுதான் சரி.

கிழக்கே துரு தோ தூஸிலிருந்து ஈல் ஓ செர் தீவுக்குப் போவது இரண்டாவது. பவளப்பாறை அரணுக்கு உள்ளேயே படகு ஓடுவதால் அலை குறைவு. ஆனால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஜூலையில் நனைந்த உடம்போடு படகில் உட்கார்ந்தால் பல் கிட்டும்.

மூன்றாவது வடக்குப் பாதை. கிராண்ட் பேயிலிருந்து கிளம்பி, ஆப்பு வைத்ததுபோல் சரிந்து நிற்கும் கோவன் தெ மீர் பாறைத்தீவைக் கடந்து, ஃபிளாட் தீவுக்கும் கேப்ரியல் தீவுக்கும் நடுவே நங்கூரம் போடுவார்கள். பாய் விரித்து ஓடும் சுகமும் மீன் கூட்டமும் இதில்தான் அதிகம். பாறைத்தீவின் செங்குத்துச் சரிவில் நீண்ட வால் கொண்ட வெள்ளைப் பறவைகள் கூடு கட்டியிருக்கும். ஏர் மொரீஷியஸ் விமானத்தின் வாலில் இருப்பது அந்தப் பறவைதான். ஆனால் நடுவில் தடுப்பில்லாத கடல். கூடுதல் ஏற்பாடு தேவைப்படுவதும் இந்தப் பாதைக்குத்தான் என்பதால், கீழே சொல்வதெல்லாம் வடக்குப் பாதையை மனதில் வைத்தது.

பதிவு செய்யும்போது

பயண நாளை விடுமுறையின் கடைசி நாளில் வைக்காதீர்கள். காற்று மிஞ்சினால் ரத்தாகும். மாற்று நாளுக்கு இடம் வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளிலேயே போட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டியவை: படகு எத்தனை அடி, மொத்தம் எத்தனை பேர்? நாற்பது அடிப் படகில் இருபது பேர் என்றால் நிம்மதி. முப்பதைத் தாண்டினால் நிழலுக்கும் ஏணிக்கும் வரிசை நிற்கும். நீருக்கடியில் பார்க்க மாஸ்க், மூச்சுவிடக் குழாய், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் மூன்றும் விலையில் சேர்த்தியா, மாஸ்க் மட்டுமா? பல படகுகளில் ஃபின் இருக்காது. குழந்தை அளவில் உயிர்காப்பு உடை உண்டா? காற்றால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா? கடற்கரையில் வந்து பேசும் தரகர் பாதி விலை சொன்னால், படகின் பெயரையும் சுற்றுலா ஆணையத்தின் உரிமத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

சைவம் என்றால் பதிவின்போதே சொல்லுங்கள். படகில் ஏறிய பிறகு சொன்னால் கிடைப்பது சாலடும் ரொட்டியும் மட்டுமே.

முந்தைய இரவும் காலையும்

கட்டமரான் ஒற்றை உடல் படகைப்போல் ஒரு பக்கம் சாயாது. அதனால் குமட்டாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அலை பக்கவாட்டில் வரும்போது ஒரு உடல் மேலே, இன்னொன்று கீழே என்று வெடுக்வெடுக்கென ஆடும். வடக்குப் பாதையில் போகும்போதும் வரும்போதும் அலை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வரும்.

குமட்டல் மாத்திரையைக் கடலுக்குள் போய்க் குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அவோமின் போன்றவற்றைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், அதோடு மது சேர்க்கவே கூடாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், கண்ணழுத்த நோயோ வேறு தொடர் நோயோ உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் கெடுதல், பூரியும் கெடுதல். ரொட்டி, வாழைப்பழம், இட்லி மாதிரி எண்ணெய் இல்லாத எதையாவது சாப்பிட்டால் போதும்.

காலையில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். மாஸ்க்கின் வார் பிடிக்காமல் வழுக்கும். நீண்ட கூந்தலைத் தாழப் பின்னிக்கொள்ளுங்கள். மோதிரத்தை அறையிலேயே கழற்றி வையுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும்; மோதிரம் கழன்று போவது தெரியாது. ஜீன்ஸ், சுடிதார், பருத்தி டிசர்ட் எதுவும் தண்ணீருக்கு ஆகாது. நனைந்தால் கனத்துக் காலைக் கட்டும். முழுக்கை நீச்சல் மேலாடையும் லெக்கின்ஸும் எல்லோருக்கும் ஏற்றது. வெயிலையும் பாதி தடுக்கும்.

சன்ஸ்கிரீன் கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்னால். உடம்பு முழுவதற்கும் ஏறத்தாழ 30 மில்லி. முகத்துக்கு இரண்டு விரல் நீளம். பலரும் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் இரவில் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். குப்புற மிதக்கும்போது எரிவது முதுகு, பின்கழுத்து, முழங்காலின் பின்மடிப்பு. துத்தநாக ஆக்சைடு உள்ள களிம்பு பவளத்துக்குப் பாதகம் குறைவானது. ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனைக்கே தடை இருக்கிறது.

சில்லறைக்குச் சின்ன நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசிப் பார்க்கத் தோன்றும். படகில் புழங்குவது ஊர்மொழியான கிரியோலும் பிரெஞ்சும், ஆங்கிலமும் செல்லும்.

படகில்

செருப்பை ஏறும்போதே கூடையில் போடச் சொல்வார்கள். முன்னால் இரண்டு உடலுக்கும் நடுவே கட்டியிருக்கும் வலையில் படுக்க எல்லோருக்கும் ஆசை. வலைக்கண் வழியாக மூக்குக்கண்ணாடி, சாவி, சில சமயம் செல்பேசி எல்லாம் நேராகக் கடலுக்குள் போகும். பையில் எதுவும் இல்லாமல் போய்ப் படுங்கள். காற்று ஏறினால் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். குலுக்கலும் அங்கேதான் அதிகம். குமட்டும் சுபாவம் உள்ளவர்களுக்குப் பின்பகுதியில், நடுவாக, தொடுவானம் தெரியும் இடம். செல்பேசித் திரையைப் பார்ப்பதும் கீழே அறைக்குள் இறங்குவதும் நிலைமையை மோசமாக்கும்.

வடக்கே போகும்போது காற்று வலப்பக்கமிருந்து வரும். இடப்பக்கம் உட்கார்ந்தால் நனையமாட்டீர்கள். திரும்பும்போது இது அப்படியே மாறும். வாந்தி வந்தாலும் காற்று வெளியேறும் பக்கம்தான் குனிய வேண்டும். கழிவறைக்கு ஓடக் கூடாது. கழிவறையின் குழாய் குறுகல். காகிதம் போட்டாலே அடைத்துக்கொள்ளும், பிறகு அன்று முழுக்க யாருக்கும் கழிவறை இல்லை.

கட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்கு இருந்த பெயரை, இரட்டை உடல் படகுக்கு ஐரோப்பியர் வைத்துவிட்டார்கள். இந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் மட்டும் நம்முடையது.

மாஸ்க் பொருந்துவது

நங்கூரம் போட்டதும் கூடையில் கிடக்கும் மாஸ்க்குகளுக்குக் கை நீளும். கையில் கிடைத்ததை எடுக்காதீர்கள். வாரைத் தலையில் மாட்டாமல் ஒதுக்கிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டியிருந்தால் அது உங்கள் அளவு. விழுந்தால் அடுத்ததை எடுங்கள். வாரை இறுக்கினால் சரியாகும் என்பது தவறு. இறுக்கினால் ரப்பர் மடிப்பு வளைந்து இன்னும் அதிகமாகக் கசியும். வார் காதுக்கு மேலே, பின்மண்டையின் புடைப்பில் உட்கார வேண்டும்.

கசிவுக்கு இரண்டு காரணம் பொதுவானது: நெற்றியில் ரப்பருக்கு அடியில் சிக்கிய ஓரிரு முடி, மேலுதட்டு மீசை. முடியை விரலால் ஒதுக்கிவிடலாம். மீசைக்கு மூக்கை ஒட்டிய இரண்டு மில்லிமீட்டர் மழித்தாலே போதும். முழுக்க எடுக்க மனம் வராதவர்களுக்கு இது சமரசம். கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். கான்டாக்ட் லென்ஸோடு இறங்க வேண்டாம்.

மங்கலுக்குப் பழைய வைத்தியம்தான்: காய்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் தடவி, கடல்நீரில் ஒருமுறை லேசாக அலசி உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூவும் வேலை செய்யும். போட்ட பிறகு நெற்றிக்கு ஏற்றி வைத்தால் வியர்வைச் சூட்டில் மறுபடி மங்கும். கழுத்துக்கு இறக்குங்கள்.

குழாயின் வாய்ப்பகுதி உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில். உள்ளே இருக்கும் இரண்டு மொட்டுகளைப் பல்லால் மெல்லப் பிடியுங்கள். கடித்தால் பத்து நிமிடத்தில் தாடை வலிக்கும். நீருக்குள் போகும் முன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து இருபது மூச்சு விடுங்கள். முதலில் நெஞ்சு படபடக்கும். பத்தாவது மூச்சில் அடங்கும். அடங்காதவர்கள் மேலே ஏறிவிடுவது நல்லது. குழாயில் நீர் புகுந்தால் ‘தூ’ என்று ஒரே ஊதலில் வெளியே தள்ளுங்கள். மாஸ்க்கில் நீர் புகுந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊதுங்கள், அடிவழியே போய்விடும்.

நீரில்

நன்றாக நீந்தத் தெரிந்தாலும் முதல் சுற்றுக்கு உயிர்காப்பு உடை போடுங்கள். கொக்கி எல்லாவற்றையும் மாட்டி, தோளில் பிடித்து ஒருவர் மேலே இழுத்துப் பார்க்கட்டும். காது வரை ஏறினால் தளர்வு. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தீவின் ஆழமில்லாத கரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு தீவுகளுக்கும் நடுவே நீரோட்டம் உண்டு. படகோட்டி காட்டும் எல்லைக்கு அப்பால் போகாதீர்கள். முதலில் ஓட்டத்துக்கு எதிராக நீந்தி, களைத்த பிறகு அதோடு மிதந்து படகுக்கு வாருங்கள். மாற்றிச் செய்பவர்களைத்தான் ரப்பர் படகு அனுப்பிக் கூட்டிவர வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் படகு எங்கே என்று பாருங்கள். இழுத்துச் செல்லப்பட்டால் எதிர்த்துப் போராடாமல் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள்.

கிளி மீன் பாறையைக் கொறிக்கும் ‘நறநற’ சத்தம் காதில் விழும் அளவுக்கு அசையாமல் மிதந்தால் அதிகம் பார்க்கலாம். ரொட்டி போடாதீர்கள். காலை ஊன்றாதீர்கள், பவளம் உடையும், காலும் கிழியும். நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலி பாறை இடுக்கில் இருக்கும். அதைவிட ஆபத்து, பாறைபோலவே கிடக்கும் கல்மீன், கிரியோலில் லாஃப். கரையிறங்கும்போது தடித்த அடி உள்ள நீர்க்காலணி போடுவது இதற்காகத்தான். கல்மீன் குத்தினால் தாங்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மிகாமல், காலை வைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 114.

கேப்ரியல் தீவில் கடையில்லை, குடிநீர் இல்லை, நிழலும் சொற்பம். ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துப் போங்கள். 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளைக் காலரா பயத்தால் இங்கே இறக்கிவிட்டார்கள். பலர் இங்கேயே இறந்தார்கள். துண்டறிக்கைகளில் அது இருக்காது.

சாப்பாடும் ரம்மும்

காலையில் கொறிக்கக் கேத்தோ பிமான் வந்தால் விடாதீர்கள்: கடலைப்பருப்பு, பச்சை மிளகாய் போட்ட உருண்டை, நம் மசால் வடைக்கு உடன்பிறப்பு. மதியம் பின்தளத்து அடுப்பில் சுட்ட மீன், கோழி, சாசேஜ், சோறு, சாலட், பூண்டு ரொட்டி. சாசேஜில் மாடா பன்றியா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சைவக்காரர்களுக்குக் காய்கறியையும் அதே கம்பியில்தான் சுடுவார்கள். பிடிக்காவிட்டால் அலுமினியத் தாளில் சுற்றிச் சுடச் சொல்லலாம்.

நீச்சலை முடித்துவிட்டுத்தான் மது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ரம் பஞ்சில் பழச்சாறும் சர்க்கரையும் ரம்மின் காரத்தை மறைத்துவிடும். மூன்றாவது கோப்பையில்தான் அது தெரியும், வெயிலில் நின்ற மயக்கமும் சேர்ந்து. ஒரு கோப்பை ரம்முக்கு ஒரு கோப்பை தண்ணீர். மதியச் சாப்பாட்டையும் முக்கால் வயிற்றோடு நிறுத்துங்கள்: பிற்பகலில் காற்று வலுக்கும், திரும்பும் கடல் காலையைவிடக் கரடாக இருக்கும்.

திரும்பும் வழியில் வலப்பக்கம் நனையாது, ஆனால் மேற்கு வெயில் அங்கேதான் விழும். சன்ஸ்கிரீனை மறுபடி பூசி, உலர்ந்த மேலாடைக்கு மாறிவிட்டு உட்காருங்கள். கரையேறியதும் காதில் நீர் நின்றால் பஞ்சு விட்டுக் குடையாதீர்கள். தலையைச் சாய்த்துக் காதுமடலை மெல்ல இழுத்தால் வடியும். அன்றிரவு கட்டில் ஆடுவதுபோல் இருக்கும். காலையில் சரியாகிவிடும்.