உங்க தொகுதி ரிசல்ட்டை பூத் வாரியா நீங்களே பாக்கறது எப்படி

எலெக்‌ஷன் முடிஞ்சதும் டிவியில மாநிலம் முழுசுக்கும் ஒரு ஓட்டு சதவீதம் சொல்லுவாங்க, அத மட்டும் வச்சு ஒரு கட்சியோட பலத்த முடிவு பண்ணிடாதீங்க. பாமக 2016ல தனியா நின்னு 5.3% வாங்குச்சு, ஒரு சீட்டு கூட இல்ல. 2021ல 3.8% தான், ஆனா 5 சீட்டு. ஓட்டு சரிஞ்சிடுச்சேன்னு தோணும், ஆனா அந்த தடவ கூட்டணியில 23 தொகுதியிலதான் நின்னாங்க, அந்த 3.8% மொத்தம் 234 தொகுதி ஓட்டுக்கும் போட்ட கணக்கு.

அதனால உங்க தொகுதிய தனியா எடுத்துப் பாருங்க. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல ஃபார்ம் 20னு ஒண்ணு இருக்கும், எந்த பூத்ல எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு, நோட்டா எத்தனைன்னு எல்லாமே அதுல இருக்கு. நிறைய ஃபைல் ஸ்கேன் பண்ண பிடிஎஃப்தான், காப்பி பண்ணா 3 வந்து 8 ஆயிடும், அதனால ஷீட்ல ஏத்தினதும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் கூட்டிப் பாத்து கடைசில போட்டிருக்கற மொத்தத்தோட ஒத்துப் போகுதான்னு கண்டிப்பா செக் பண்ணுங்க. தபால் ஓட்டு கடைசில தனி வரியா இருக்கும், அத விட்டுடாதீங்க, 2021ல தி.நகர் ரிசல்ட் வெறும் 137 ஓட்டு வித்தியாசத்துலதான் முடிஞ்சது.

அடுத்து சதவீதம். இங்கதான் பலபேர் கோட்டை விடறாங்க. ஒரு பூத்ல 200 ஓட்டு பதிவாகி அதுல 120 ஒரு கட்சிக்கு, அதாவது 60%. இன்னொரு பூத்ல 800ல 240, அதாவது 30%. ரெண்டையும் கூட்டி பாதியாக்கி 45%னு எழுதினா தப்பு, 1000 ஓட்டுல 360, 36% தான் சரி. எப்பவும் ஓட்ட கூட்டிட்டு அப்புறமா வகுங்க.

சதவீதம் போட்டதும் தொகுதியில ஜெயிச்சவர் ஓட்டுலேருந்து ரெண்டாவது வந்தவர் ஓட்ட கழிச்சு பூத் வாரியா சார்ட் பண்ணுங்க. எந்த ஏரியா தூக்கி விட்டுச்சு, எங்க அடி விழுந்துச்சுன்னு அப்பட்டமா தெரியும், எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

பழைய எலெக்‌ஷனோட ஒப்பிடும்போது பூத் நம்பர நம்பாதீங்க. 2021ல கொரோனாவுக்காக பெரிய பூத்தையெல்லாம் பிரிச்சு மாநிலத்துல 88 ஆயிரத்துக்கும் மேல ஆக்கினாங்க, அதனால 2016ல இருந்த 45ஆம் நம்பரும் 2021ல இருக்கற 45ம் ஒரே தெருவா இருக்கணும்னு இல்ல. வாக்காளர் பட்டியல்ல தெரு பேர பாத்து சேருங்க, கஷ்டம்தான், ஆனா வேற வழியில்ல.

முக்கியமா ஒண்ணு, ஒரு பூத்ல ஒரு கட்சிக்கு ஓட்டு குவிஞ்சிருக்குன்னு "அந்த சாதிக்காரங்க எல்லாம் இவங்களுக்குத்தான் போட்டாங்க"ன்னு எழுதாதீங்க. அங்க எல்லா வீட்டு ஓட்டும் கலந்துதான் இருக்கு, யார் யாருக்குப் போட்டாங்கன்னு எந்த ஃபார்ம்லயும் கிடையாது. ஏன் அப்படி விழுந்துச்சுன்னு தெரியணும்னா அந்த தெருவுக்கே போய் நாலு பேர்கிட்ட பேசுங்க, தண்ணி வரலியா, ரோடு போடலியா, வேட்பாளரே அந்த ஊர்க்காரரான்னு கேளுங்க.