மனநல மருத்துவர் ஆவதற்கு எழுத வேண்டிய தேர்வுகள்

மதுரை வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்து மனநல மருத்துவராக விரும்பும் மாணவர்களில் பலர், பி.எஸ்சி. உளவியலில் சேர்வதா, மருத்துவத்தில் சேர்வதா என்று குழம்புகின்றனர். உளவியல் படித்தவர் உரிய மேற்படிப்பும் பதிவும் பெற்று உளவியல் சிகிச்சை அளிக்கலாம். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவராக முடியாது. அதற்கு எம்.பி.பி.எஸ். பட்டமும் மனநல மருத்துவத்தில் முதுநிலைத் தகுதியும் வேண்டும். ஆயினும் வழியிலுள்ள நுழைவுத் தேர்வுகளில் மனநலம் பெரிதாகக் கேட்கப்படுவதில்லை.

முதலாவது இளநிலை நீட். 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். அதில் பாதி உயிரியலுக்கு. தமிழிலும் எழுதலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டுகள். மனநலத்துக்கு இதில் தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. பயிற்சிக் காலத்தில் மனநலப் பிரிவில் கழிக்கும் சில நாட்களை மாணவர்கள் ஓய்வாகக் கருதுவது வழக்கம். மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று மக்கள் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தைப் பார்த்த எவருக்கும் அந்த எண்ணம் நிலைக்காது.

அடுத்தது முதுநிலை நீட். எது படிப்பது என்பதை முடிவு செய்வது இதில் பெறும் ரேங்க்தான். கணினி வழியில் நடக்கும் இந்தத் தேர்வில் 200 கேள்விகளுக்கு மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்கள், தவறான விடைக்கு ஒன்று குறையும். மனநலக் கேள்விகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு போன்ற பெரிய பாடங்களில் ஊன்றாமல் மனநலத்தை மட்டும் படிப்பது வீண். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்வதால், மதுரை மருத்துவக் கல்லூரியை விரும்புவோர் அந்தக் கலந்தாய்வுக்கும் மாநிலக் கலந்தாய்வுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்ற மத்திய அரசு மருத்துவ நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஐ.என்.ஐ.-செட் என்னும் வேறு தேர்வு உண்டு. முதுநிலைப் பட்டமான எம்.டி., அதற்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள்.

உண்மையில் மனநல மருத்துவத்தைச் சோதிப்பது எம்.டி. இறுதித் தேர்வே. ஆய்வேடும் எழுத்துத் தேர்வும் ஒருபுறமிருக்க, பலரைத் தடுமாற வைப்பது நோயாளியைக் கண்டு அறிக்கை சொல்லும் செய்முறைத் தேர்வு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், "ராத்திரி தூக்கமே இல்ல, பங்காளிக யாரோ செய்வினை வச்சுட்டாக" என்று சொல்வதாகக் கொள்வோம். அது அவருடைய ஊரார் எல்லோரும் கொண்டிருக்கும் நம்பிக்கையா, நோயின் அறிகுறியான பிறழ்ந்த எண்ணமா என்று உறவினரையும் விசாரித்துப் பிரித்தறிந்து, தேர்வாளர்களிடம் ஆங்கிலத்தில் காரணத்தோடு நிறுவ வேண்டும். வட்டார வழக்கு புரியாத மாணவர் இங்கே திணறுவார். இந்த மண்ணில் வளர்ந்தவருக்கு இது கூடுதல் பலம்.

தேறியபின் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் முதுநிலைப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். குழந்தைகள் மனநலம் போன்ற உயர் சிறப்புப் படிப்புக்கு மேலும் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அரசுப் பணியை நாடுவோர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் கட்டாயத் தமிழ்த் தாளிலும் தேற வேண்டும்.