மட்டக்களப்பிலிருந்து பந்தயத் தடத்துக்கு: மலிவான, நம்பகமான கார் வாங்குவது எப்படி?

மட்டக்களப்பில் பந்தயத் தடம் கிடையாது. களுத்துறை மாவட்டத்துக் கட்டுக்குருந்தவில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் போவதற்கு மட்டுமே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டும். காரை லொறியில் ஏற்றிச் செல்லும் கூலியோ பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, தடத்தில் சுற்றிவிட்டு வீடு திரும்பி, மறுநாள் வேலைக்கும் கொண்டு போகக்கூடிய காரையே தேட வேண்டும். பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்களில் பந்தய ஓட்டம் விலக்கப்பட்டிருப்பதால், நொறுங்கினால் தாங்கிக்கொள்ள முடியாத விலையில் அதை வாங்கவும் கூடாது.

குதிரைவலுவில் மயங்க வேண்டியதில்லை. எடை குறைந்த கார் பிரேக்கையும் ரயரையும் குறைவாகவே தின்னும். 1.3 லீற்றர் எஞ்சினுடைய பழைய டொயோட்டா ஸ்டார்லட், சுசுகி ஸ்விப்ட் போன்றவற்றில் நம் ஊர் மெக்கானிக்மாருக்குக் கை பழகியிருக்கும். ஸ்விப்டின் எம்13ஏ எஞ்சினில், உள்ளே சுழலும் பாகங்களை ஒத்திசைத்து இயக்குவது டைமிங் செயின். ஸ்டார்லட்டின் 4இ எஞ்சினில் அந்த வேலையைச் செய்வது காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய பெல்ட் என்பதால், அது எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டு, பதில் மழுப்பலாக வந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். மானுவல் கியரே தேவை. டர்போ பூட்டிய கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடலாம்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிறுத்தப்பட்டுவந்த கார் அடியிலிருந்தே துருப்பிடிக்கும். சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, தகடு உதிர்ந்தால் திரும்பி வந்துவிட வேண்டும். 2011 ஜனவரியில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் நின்ற காரைப் பெயின்ற் மறைத்துவிடும். சீற் பெல்ட் மறைக்காது. பெல்ட்டை முழுவதுமாக இழுத்து, எப்போதும் உருளைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தைப் பார்த்தால், சேற்று நீர் ஏறிய கோடு மங்கலாகத் தெரியும்.

நான் முதலில் வாங்கிய காரின் றேடியேற்றர் மூடியைத் திறந்தபோது உள்ளே பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர் நின்றது. "கிணத்துத் தண்ணிதான் தம்பி ஊத்துற, ஒண்டும் செய்யாது" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். உவர் நீர் உள்ளே துருவாகவும் உப்புப் படிவாகவும் அடைத்திருந்த அந்தக் கார், முதல் பயணத்தின் திரும்பு வழியில் வெலிக்கந்தையில் கொதித்து நின்றது. எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டும் வளைந்துவிட்டது. ஆகவே எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, நிறத்தையும் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்பதையும் நீங்களே பாருங்கள்.

எந்தக் காரை வாங்கினாலும், தடத்துக்குப் போகுமுன் பிரேக் ஒயிலை மாற்றியே ஆக வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கக்கூடும். தடத்தில் அடுத்தடுத்து மிதிக்கும்போது எழும் சூட்டில் அது கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் தரைவரை இறங்கிவிடும். இதற்கும், பிரேக் பேட்களுக்கும், நல்ல ரயர்களுக்குமாகக் கையிருப்பில் கால்வாசியையாவது ஒதுக்கி வைத்த பின்னரே விலை பேசுங்கள்.

பேசி முடிக்குமுன், நண்பகல் வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு வாழைச்சேனை வரை ஓட்டிச் சென்று திரும்பி, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறினால், முற்பணம் கொடுக்க வேண்டாம்.