முதல் டூட்டூ தைப்பவர்களுக்கு: நான்கு அடுக்கு ரொமான்டிக் டூட்டூ

பாலே உடை என்றதும் பலருக்கும் நினைவு வருவது, இடுப்பில் தட்டை வைத்தாற்போல் விறைத்து நிற்கும் குட்டைப் பாவாடைதான். அது பான்கேக் டூட்டூ. பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெட், நடுவில் எஃகு வளையம், பாவாடையோடு சேர்த்துத் தைத்த ஜட்டி என்று வேலை நீண்டுகொண்டே போகும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். அதற்கு மூத்தது ரொமான்டிக் டூட்டூ. கெண்டைக்கால் வரை மணிபோல் இறங்கும் வெள்ளைப் பாவாடை. நேர்த்தையல் போடத் தெரிந்தால் இதைத் தைத்துவிடலாம்.

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஒபேராவில் 'லா சில்ஃபீட்' பாலேயில் மரி தாக்லியோனி ஆடியபோதுதான் இந்த வடிவம் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. அவர் கால்விரல் நுனியில் நின்று ஆடினார். அது தெரிய வேண்டுமானால் பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே மரி கமார்கோ தன் பாதவேலை தெரிவதற்காகப் பாவாடையைச் சற்று உயர்த்திப் பேச்சு வாங்கியிருந்தார். பாதம் தெரிய வேண்டும், பாவாடை மிதக்க வேண்டும். கீழே வரும் அளவுகளெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

அளவு

ஆடும்போது போடும் லியோடார்ட் (உடம்போடு ஒட்டிய மேலுடை), டைட்ஸ் (ஒட்டிய காலுறை) அணிந்த நிலையில் மூன்று அளவு எடுங்கள்: இடுப்புச் சுற்று, அதற்கு 4 இன்ச் கீழே உள்ள சுற்று, இடுப்பிலிருந்து தரை வரை உயரம். இங்கே உதாரணத்துக்கு 24, 30, 39 இன்ச் என்று வைத்துக்கொள்கிறோம்.

பேஸ்க்

இடுப்பிலிருந்து 4 இன்ச் இறங்கும் கெட்டியான பட்டிக்குப் பெயர் பேஸ்க். சுருக்கையெல்லாம் இடுப்பிலேயே சேர்த்தால் இடுப்பு உருண்டையாகத் தெரியும். அதனால்தான் நெட் இந்தப் பட்டியின் அடிப்பக்கத்தில் தொடங்குகிறது.

நீளாத காட்டன் டிரில் துணியை இரட்டையாக எடுங்கள். லைக்ரா கலந்த துணி கூடாது. சுழலும்போதும், துணை ஆடுபவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கும்போதும் அது உடம்பைச் சுற்றி நகர்ந்துவிடும். நீளம் 32½ இன்ச் (சுற்று 30, மேல்விழும் பாகம் 1½, தையலுக்கு 1), அகலம் 5 இன்ச். மேல் விளிம்பில் முக்கால் இன்ச் டார்ட் (கீழே போகப் போகக் குறுகும் மடிப்புத் தையல்) எட்டுப் பிடித்தால் 6 இன்ச் குறைந்து இடுப்பு 24-க்கு வந்துவிடும். மேல் விளிம்பின் உட்பக்கம் ஒரு இன்ச் காட்டன் நாடா வைத்துத் தைத்துவிடுங்கள்.

திறப்பு பின்பக்கம். நான்கு ஹூக், எதிரே கண்ணி இரண்டு வரிசை, வரிசைகளுக்கு நடுவே முக்கால் இன்ச் இடைவெளி. ஜிப் வைக்காதீர்கள். மேடை ஏறும் நேரத்தில் அதில் நெட் சிக்கினால் எடுக்க முடியாது.

துணி

60 இன்ச் அகல நெட் 9 மீட்டர் தேவை. மேல் இரண்டு அடுக்குக்கு மிருதுவான நெட் 4.5 மீட்டர், கீழ் இரண்டுக்குச் சற்றே விறைப்பானது 4.5 மீட்டர். கவுன், லெஹங்காவுக்கு உள்ளே வைக்கும் முரட்டு கேன்கேன் வேண்டாம். பாவாடை கூடாரம்போல் நிற்குமே தவிர மிதக்காது. டைட்ஸையும் உரசி நூல் பிரித்துவிடும்.

ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் 27 இன்ச் அகலப் பட்டைகள் இரண்டாக வெட்டுங்கள். மொத்தம் நான்கு பட்டை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 177 இன்ச். அதை 30 இன்ச்சுக்குள் சுருக்குகிறோம், அதாவது ஆறு மடங்கு. பாவாடை எழும்பி நிற்பது இந்தச் சுருக்கால்தான். மூன்று மடங்கோடு சிக்கனம் பிடித்தால் எவ்வளவு விறைப்பான நெட் வாங்கியும் பயன் இல்லை.

துணி பற்றிப் பேசும்போது நெருப்பையும் சொல்லியாக வேண்டும். தாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி, 1862 நவம்பரில் பாரிஸ் ஒபேரா ஒத்திகையில் காஸ் விளக்குச் சுடர் பாவாடையில் பற்றிக் கடுமையாக எரிந்துபோனார். எட்டு மாதம் கிடந்து இறந்தார். தீப்பிடிக்காதபடி ரசாயனத்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. மங்கலாகவும் மொடமொடப்பாகவும் இருக்கிறதென்று அவர் அதை மறுத்திருந்தார். இன்றைய நைலான் நெட் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மேடை ஓரத்தில் குத்துவிளக்கு எரியும் அரங்கு என்றால், ஆட்டம் தொடங்கும் முன் அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

சுருக்கு

முதல் முறை தைப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 177 இன்ச்சுக்கும் ஒரே ஓட்டமாகத் தையல் போட்டு இழுத்தால் பாதி வழியில் நூல் அறும், மொத்தமும் பிரியும். பட்டையை எட்டுப் பாகமாகக் குறியுங்கள், பாகத்துக்கு 22 இன்ச். பேஸ்க்கின் சுற்றையும் எட்டாகக் குறியுங்கள், பாகத்துக்கு 3¾ இன்ச். ஒவ்வொரு பாகத்திலும் தனித்தனியாக, மிக நீளமான தையலில் இரண்டு வரி, கால் இன்ச் இடைவெளியில். பாபின் நூல்களை மட்டும் இழுங்கள். ஒரு பாகம் அறுந்தாலும் மற்ற ஏழும் பத்திரம்.

மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் இன்னும் சுலபம். ஒரு கெட்டி குரோஷா நூலை நெட் மேல் வைத்து, அதன் மீது அகல ஜிக்ஜாக் ஓட்டுங்கள். ஊசி அந்த நூலைக் குத்தக் கூடாது. குத்தினால் இழுபடாது. பிறகு அந்த நூலை மட்டும் இழுத்தால் போதும்.

பேஸ்க்கோடு சேர்த்தல்

பேஸ்க்கின் வெளிப்பக்கம், அடிவிளிம்பிலிருந்து மேல்நோக்கி முக்கால் இன்ச் இடைவெளியில் சாக்பீஸால் நான்கு கோடு போடுங்கள். விறைப்பான கீழ் அடுக்கு அடிக்கோட்டில், அடுத்தது அதற்கு மேல், மிருதுவான மேல் அடுக்கு கடைசியாக உச்சிக் கோட்டில். நான்கையும் ஒரே கோட்டில் அடித்தால் ஊசிக்கடியில் 24 மடிப்பு நெட் சேரும். ஊசி உடையும், உடையாவிட்டாலும் இடுப்பைச் சுற்றி ஒரு மேடு நிற்கும்.

பேஸ்க்கை விரித்த நிலையிலேயே நான்கையும் தைத்து முடித்து, பிறகு ஒவ்வொரு அடுக்கின் இரு முனைகளையும் பின்பக்கம் இணையுங்கள். மேலே 5 இன்ச் தைக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் பாவாடைக்குள் நுழைய முடியாது.

தொங்கல் தையல்

பேஸ்க்குக்கு 6 இன்ச் கீழே, சுற்றிலும் எட்டு இடத்தில், கையூசியால் அடுக்குகளைத் தளர்வாகக் கோத்துவிடுங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஒன்றரை இன்ச் நூல் தொங்க வேண்டும். குதித்து இறங்கும்போது ஒரு அடுக்கு மட்டும் மேலே மடங்கி நிற்காமல் இருப்பது இந்த நூலால்தான். இறுக்கிவிட்டால் அந்த எட்டு இடத்திலும் பள்ளம் விழும்.

விளிம்பு

ஓர் இரவு தொங்கவிட்டபின் வெட்டுங்கள். ஆடுபவரைப் பாலே ஷூவோடு சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து 11 இன்ச் உயரத்தில் சுற்றிலும் குறியுங்கள். குனிந்து பார்த்தால் விளிம்பு நகர்ந்துவிடும், நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அடுக்கைக் குறியில் வெட்டிவிட்டு, கீழே உள்ள ஒவ்வொன்றையும் அதைவிட அரை இன்ச் குட்டையாக வெட்டிக்கொண்டே போங்கள். நெட் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம். மடித்தால் விளிம்பு கனத்துப் பாவாடை தொங்கிவிடும்.

குழுவாக ஆடுபவர்களுக்கு இடுப்பிலிருந்து அளக்காதீர்கள். எல்லோருக்கும் தரையிலிருந்து ஒரே உயரம் வைத்தால்தான் வரிசையாக நிற்கும்போது விளிம்பு ஒரே கோடாகத் தெரியும்.

சுருக்கம் விழுந்தால் இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள், நெட் உருகும். குளியலறையில் வெந்நீர் ஆவியில் கால் மணி நேரம் தொங்கவிட்டு, கையால் உதறினால் போதும்.