செலவுக் கணக்கு செயலி: இருப்பு ஒத்துப்போகும்படி எழுதுவது எப்படி

ஆர்வமாகத் தொடங்கிய செலவுக் கணக்கு செயலியைப் பாதியில் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. செயலி காட்டும் இருப்பு ஒன்று, வங்கியில் இருப்பது வேறொன்று என்றானதும் அதன்மேல் நம்பிக்கை போய்விடுகிறது. தொடக்கத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி ஒழுங்காக அமைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

பணம் இருக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு திறங்கள்: வங்கி, கைப்பணம், யுபிஐ லைட் (சிறு தொகைகளுக்காக யுபிஐ செயலியில் முன்கூட்டியே ஏற்றிவைக்கும் பணம்), கிரெடிட் கார்டு. இன்றைய இருப்பைப் பைசா உட்படப் பதியுங்கள். கார்டு பாக்கியைக் கழித்தல் குறியோடு போடுங்கள். சம்பளம் ஒரு மாதம் 30ஆம் தேதியும் இன்னொரு மாதம் 1ஆம் தேதியும் வருமானால், அமைப்புகளில் மாதத் தொடக்கத்தை 28 என மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் இரண்டு சம்பளமும் அடுத்த மாதத்தில் ஒன்றுமில்லாமலும் காட்டும்.

கணக்கு பெரும்பாலும் குழம்புவது ‘டிரான்ஸ்ஃபர்’ என்பதைச் செலவாக எழுதுவதால்தான். ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுத்தால் அது செலவல்ல. வங்கியிலிருந்து கைப்பணத்துக்கு இடம் மாறியிருக்கிறது. யுபிஐ லைட்டில் பணம் ஏற்றுவதும் அப்படித்தான். கார்டில் துணி வாங்கிய அன்றே கார்டு கணக்கில் செலவு எழுதிவிட வேண்டும். பிறகு பில் கட்டும்போது வங்கியிலிருந்து கார்டுக்கு டிரான்ஸ்ஃபர். அதையும் செலவாக எழுதினால் ஒரே துணிக்கு இரண்டு முறை கணக்கு விழும்.

சீட்டுக்கும் தனிக் கணக்கு வையுங்கள். மாதம் 5,000 வீதம் 20 மாதச் சீட்டில் தள்ளு (ஏலத் தள்ளுபடியில் உங்களுக்குக் கிடைக்கும் பங்கு) போகக் கட்டும் தொகையை மட்டும் டிரான்ஸ்ஃபராக எழுதுங்கள். 80,000 ரூபாய்க்குச் சீட்டை எடுத்தால் அந்தப் பணம் சீட்டுக் கணக்கிலிருந்து வங்கிக்கு வருகிறது. சீட்டுக் கணக்கு கழித்தலுக்குப் போகும். எடுத்த பணம் வருமானமல்ல என்பதை அது கண்முன் காட்டிக்கொண்டே இருக்கும். 20 மாதம் முடிந்ததும், மொத்தம் 84,000 கட்டியிருந்தால் 4,000 மிஞ்சி நிற்கும். அதுதான் நீங்கள் கொடுத்த வட்டி; அதை மட்டும் செலவில் எழுதி முடியுங்கள்.

செலவுத் தலைப்புகள் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். மொய்க்குக் கட்டாயம் ஒரு தலைப்பு வேண்டும். யார் வீட்டு விசேஷம், எவ்வளவு என்று குறிப்பில் எழுதிவைத்தால் மொய் நோட்டுக்கும் உதவும்.

முதல் மாதம் வரம்பு எதுவும் வைக்காமல் எழுத மட்டும் செய்யுங்கள். இரண்டாம் மாதம் வரம்பு போடும்போது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளைக் கூட்டி 12ஆல் வகுங்கள். ஸ்கூல் ஃபீஸ் 36,000, தீபாவளி 15,000, காப்பீடு 12,000, வண்டி இன்சூரன்ஸ் 2,400 என்றால் மொத்தம் 65,400, மாதம் 5,450. இதைச் சம்பளம் வந்த அன்றே தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அதில் பாதியை மாதந்தோறும் ஒதுக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் படித்துத் தானாக எழுதும் செயலிகள் வசதிதான். ஆனால் யுபிஐ லைட் செலவு ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்எம்எஸ் வராது, கைப்பணச் செலவு அதற்குத் தெரியாது, திரும்பி வந்த பணத்தை வருமானமாக எழுதிவிடும். ஓடிபி வருவதும் அதே இன்பாக்ஸில்தான்; அதையும் செயலியால் படிக்க முடியும். தினமும் இரவு சில நிமிடம் ஒதுக்கிக் கையால் எழுதுவதையே பரிந்துரைக்கிறோம்.

ஞாயிறுதோறும் வங்கி இருப்பையும் செயலி இருப்பையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 540க்குப் பதில் 450 என எழுதினால் 90 இடிக்கும். அப்படி இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். செலவை வரவில் எழுதியிருப்பீர்கள். அப்போதும் கிடைக்காத சில்லறையை ‘விடுபட்டது’ என்ற தலைப்பில் போட்டு இருப்பைச் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் எதுவும் நினைவில் இருக்காது.

யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியையும் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பார்க்காத ஓடிடி சந்தா அங்கே ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்தலாம். கணக்கு விவரத்தை எக்ஸெல் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் சேமியுங்கள். போன் தொலைந்தாலும் கணக்கு தொலையாது.

செலவு எழுதும் செயலிக்கு உங்கள் யுபிஐ பின்னோ நெட்பேங்கிங் கடவுச்சொல்லோ தேவையே இல்லை. கேட்டால் உடனே நீக்குங்கள். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்டு, கூடவே ‘உடனடிக் கடன்’ என்று நீட்டும் செயலியையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.